மேசைக்குப் பிள்ளை குட்டி இல்லை

இன்று மத்தியானம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வீராங்கனையின் முழங்காலில் யாரோ தைலம் தேய்த்தார்கள். அந்த நெடி நம் மேசை வரைக்கும் வந்தது. மற்றவர்களுக்கு அது முழங்கால் வலி, எனக்கு உன் கட்டைவிரல். ஷாட் கிளாக் பொத்தானை அமுக்கி அமுக்கி அது வீங்கிப் போயிருக்கும். ஆட்டத்துக்கு முன்னால் கைப்பையிலிருந்து சின்னப் புட்டி ஒன்றை எடுத்துத் தடவிக்கொள்வாய். ரெஸ்ட் ஹோமில் நாள் முழுக்க முதியவர்களைத் தூக்கி நிறுத்தும் கைக்கு ஒன்றும் ஆவதில்லை, ஒரு பொத்தானிடம் போய்த் தோற்றுவிட்டாயே என்று கேலி செய்வேன். நீ என் மூக்குக்குக் கீழேயும் கொஞ்சம் தடவிவிடுவாய்.

இன்று தேசியப் பெண்கள் கூடைப்பந்து லீக்கின் இறுதிப் போட்டி. யார் ஜெயித்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆட்டம் முடிந்த பிறகு நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், நீ செய்யக்கூடாது என்று சொல்லி வைத்திருந்த காரியம். அதை உனக்கு முறையாகத் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகத்தான் வந்ததும் வராததுமாக, காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாம் பழகியதே அந்த மேசையால்தான். ஆட்டத்தின் மேசை வேலைக்கு ஆள் வேண்டும், பயிற்சி தருகிறோம் என்று போட்டிருந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தேன். கோயம்புத்தூரில் கல்லூரி அணியில் ஆடியவள், இங்கே ஆக்லாந்தில் கம்ப்யூட்டர் முன்னால் முதுகு வளைந்து கிடந்தேன். மைதானத்தின் வாசனையாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். பயிற்சி நாளில் ஆட்ட நேரம் காட்டும் பெரிய கடிகாரம் ஓட மாட்டேன் என்றது. சனியன் பிடிச்சது என்று வாய்க்குள் திட்டினேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதுதான் நீ.

மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில், சிமெந்துத் தரையில் ஆடிக் கற்றவள் நீ. இடம்பெயர்ந்த வருடத்தில் அணியும் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. இதை நீ ஒரே ஒரு தடவைதான் சொன்னாய், அதுவும் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே. என்னை நீ ‘நீர்’ என்று கூப்பிட்டபோது கோயில் நாடகத்தில் ராஜா மந்திரியிடம் பேசுவது போல இருந்தது. நான் உன்னை முதலில் ‘நீங்க’ என்றேன், மூன்றாவது ஆட்டத்தில் ‘நீ’ ஆகிவிட்டது. நீ கடைசி வரைக்கும் ‘நீரி’லிருந்து இறங்கவில்லை.

எனக்குப் பெரிய கடிகாரம், உனக்கு ஷாட் கிளாக். பந்து கைக்கு வந்த அணி இருபத்து நான்கு வினாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். எறிந்த பந்து இரும்பு வளையத்தில் பட்டால் அந்தக் கணக்கு முடிந்தது, நீ திரும்ப வைக்க வேண்டும். படாவிட்டால் ஓட விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வேலையில் இருப்பவள் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. பந்து, ரிங், பந்து, ரிங், இதுதான் அவளுடைய உலகம். யார் எறிந்தார்கள், எப்படித் துள்ளினார்கள் என்பதெல்லாம் வீட்டுக்குப் போய் வீடியோவில் பார்த்தால் உண்டு.

இன்னொரு விதியும் இருந்தது. மேசையில் இருப்பவர்கள் கறுப்புச் சட்டை போட வேண்டும், கை தட்டக்கூடாது, முகத்தில் எதையும் காட்டக்கூடாது. மற்றவர்கள் இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வார்கள். நீ விரதம் மாதிரி எடுத்துக்கொண்டாய். அனிட்டா ஆக்லாந்து அணிக்குத் தேர்வானபோது, உன் மகள் ஆடும் ஆட்டத்தில் நீ மேசையில் இருக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். நீ கேட்டவரின் முகத்தைப் பார்த்தாய். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாய்: “மேசைக்குப் பிள்ளை குட்டி இல்லை.” நான்தான் அதை ஆங்கிலத்தில் பதவிசாக மாற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. உன் பொத்தானில் ஒரு தடவைகூட யாரும் குறை கண்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அனிட்டா லீக்கில் போட்ட முதல் கூடை நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது, ஏனென்றால் நான் பார்த்தேன். போட்டுவிட்டுத் திரும்பி ஓடும்போது மேசையைப் பார்த்தாள். நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்குப் போகும்போது காரில் பின்னால் உட்கார்ந்து, அம்மா பாத்தீங்களா என்று கேட்டாள். அது மட்டும் தமிழில் வந்தது. நீ யோசித்துவிட்டு, “ஏழு செக்கன் மிச்சம் இருக்கேக்க போட்டனீ” என்றாய். உனக்கு அது பாராட்டு. பதினேழு வயசுப் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தோன்றவேயில்லை. அவள் காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்டதே இல்லை.

வருடங்கள் ஓடின. நீ ரானுயியிலிருந்து வருவாய், மவுண்ட் ஆல்பர்ட்டில் என்னை ஏற்றிக்கொள்வாய், அல்லது நான் ஓட்டுவேன். லீக்கில் வேறு ஊர் அணிகள் சாம்பியன் ஆயின, நாம் கோப்பை வைக்கும் மேஜையை இழுத்துப் போட்டுவிட்டு வயர்களைச் சுருட்டினோம். உன் மகள் வளர்ந்து, அணியின் முக்கியமான ஆள் ஆகி, கடைசியில் அவளுக்கு ஆஸ்திரேலியாவில் ஆடும் வாய்ப்பு வந்தது. அந்த வருடம் ஆக்லாந்து இறுதிக்குப் போயிருந்தது. இங்கே அவளுடைய கடைசி ஆட்டம். அதற்கு முந்தின வாரம் அவள் உன்னிடம் கேட்டதை நீ சமையலறையில் நின்று என்னிடம் சொன்னாய், கறி அடிப்பிடிப்பதுகூடத் தெரியாமல். ஒரே ஒரு நாள் மேசையில் இருக்காமல் கேலரியில் வந்து உட்காருங்கள், என்னைப் பாருங்கள் என்றாளாம்.

உனக்கு ஆசை இருந்தது. பயமும் இருந்தது. இறுதிப் போட்டியில் பொத்தானை இன்னொருத்தியிடம் கொடுக்கப் பயம். கேலரியில் உட்கார்ந்தால் என்ன செய்வது, கையை எங்கே வைப்பது என்றெல்லாம் கேட்டாய். போய் உக்காரு புள்ள, கையை மடியில வச்சுக்கிட்டுப் பெத்தவளாட்டம் பாரு என்றேன். வேறு சங்கத்திலிருந்து அனுபவமுள்ள ஒரு பெண்ணை ஷாட் கிளாக்குக்கு வரவழைத்தார்கள். நீ அவளுக்குப் பொத்தானைக் காட்டிக் கொடுத்து, வயரைச் சரிபார்த்து, திரும்பத் திரும்ப வந்து எட்டிப் பார்த்து, நான் விரட்டிய பிறகுதான் போனாய். அதற்குள் நல்ல இடங்கள் போய்விட்டன.

மேசை ஒரு பக்கம், கேலரி எதிர்ப்பக்கம். ஆட்டம் நின்ற நேரங்களில் உன்னைப் பார்த்தேன். உனக்குப் புடவைத் துணியில் தைத்த நீலச் சட்டை ஒன்று இருந்ததே, அதைப் போட்டிருந்தாய். கறுப்பில்லாமல் உன்னை அந்த மண்டபத்தில் பார்த்தது அன்றுதான். கையை மடியில்தான் வைத்திருந்தாய். தட்டவில்லை. ஆனால் உன் தலை மட்டும் அனிட்டா போன பக்கமெல்லாம் போயிற்று. பந்து இந்தப் பக்கம் இருக்கும், உன் தலை அந்தப் பக்கம் இருக்கும். மூன்றாவது குவார்ட்டர் முடிந்தபோது சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தாய். நான் குனிந்து என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

கடைசி நிமிடம். நம் பெண்கள் ஒரு புள்ளி முன்னால். பந்து எதிரணியிடம். ஒருத்தி எறிந்தாள், அது கூடையில் விழாமல் அவர்கள் கையிலேயே திரும்ப விழுந்தது. அவர்கள் அடுத்த வழி தேடிக்கொண்டிருக்கும்போதே ஷாட் கிளாக் அலறியது. நடுவர் விசில் ஊதி, நேரம் தாண்டிவிட்டது, பந்து ஆக்லாந்துக்கு என்று கை காட்டினார். மண்டபம் எழுந்து ஆடியது. பந்து நமக்கு வந்துவிட்டால் கோப்பை நமக்குத்தான். அப்போதுதான் எதிரே நீ எழுந்தாய்.

ரிங்கில் பட்டது என்று ஆங்கிலத்தில் கத்தினாய். அத்தனை சத்தத்திலும் அது கேட்டது. வருடக்கணக்காக ஒரு சத்தமும் போடாதவளின் குரல் அல்லவா, நடுவர்கள் மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். மேசைக்கு வந்து கேட்டார்கள். பொத்தானில் இருந்த பெண் படவில்லை என்றுதான் தனக்குத் தோன்றியது, நிச்சயமில்லை என்றாள். நான் என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். ரிங்குக்கு அடியில் நின்ற நடுவர், லேசாக உரசியது போலத்தான் இருந்தது, சத்தத்தில் சந்தேகப்பட்டு விட்டுவிட்டேன் என்றார். கூடிப் பேசினார்கள். பந்தை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் போட்டார்கள். ஒரு புள்ளியில் அந்த வருடச் சாம்பியன் அவர்கள்.

அனிட்டா அழவில்லை. கை குலுக்க வேண்டியவர்களுக்கெல்லாம் கை குலுக்கினாள். நீ மைதானத்துக்கு இறங்கி அவள் முன்னால் போய் நின்றபோது நான் வயரைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். ஆங்கிலத்தில் மெதுவாகத்தான் சொன்னாள். ஒரே ஒரு நாள் அம்மாவாக வரச் சொன்னேன், அன்றைக்கும் மேசையாகத்தான் வந்தீர்கள் என்றாள். அவள் அணியின் வேனில் ஏறிப் போய்விட்டாள்.

காரில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். விதி பெரிசா, பெத்த பொண்ணு பெரிசா என்று கேட்டுவிட்டேன். உன்னை அப்படித் திட்டியது அதுதான் முதல் தடவை. நீ சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாய். ஹென்டர்சன் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாய்.

“எனக்கு ரிங் தெரியேல்லை.”

எனக்குப் புரியவில்லை. நீ சொன்னாய்: டிவிக்காரர் கேமரா வைக்கக் கம்பி கட்டி ஒரு மேடை போட்டிருந்தார்கள் அல்லவா, அதற்குப் பின்னால்தான் உனக்கு இடம் கிடைத்தது. மேடையின் பலகை அந்தப் பக்கத்து ரிங்கை முழுக்க மறைத்துவிட்டது. கீழே கம்பிகளுக்கு நடுவே ஆட்கள் தெரிந்தார்கள். நீ அனிட்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். கடிகாரம் அலறியதும் அவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு பக்கக் கன்னத்தை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள்.

“சின்னனில சீனி களவா எடுத்துத் திண்டுபோட்டு வைக்கிற முகம் அது. அவளுக்குத் தெரியும், பட்டது எண்டு.”

அதனால் எழுந்தாயா என்று கேட்டேன். அந்த முகத்தோடு கோப்பையைத் தூக்கினால் அது அவளுக்குச் செமிக்காது என்றாய். இன்றைக்குச் சந்தோஷமாக இருக்கும், பிறகு ஒவ்வொரு நாளும் உறுத்தும், எனக்கு என் பிள்ளையைத் தெரியும் என்றாய். அப்படியானால் இதை அவளிடம் சொல்லிவிடு, நீ அவளைத்தான் பார்த்தாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா என்று நான் காரை ஓரமாக நிறுத்தினேன். நீ என் கையைப் பிடித்தாய்.

“சொல்லாதையும். உன்ர கள்ள முகத்தைக் கண்டனான் எண்டு சொன்ன மாதிரி இருக்கும். அதை விட என்னில கோவமா இருக்கட்டும்.”

எனக்கு அதில் சம்மதமில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. மகளின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மகளையே விட்டுக்கொடுத்தாய். ஆனால் அது உன் வீட்டு விஷயம், என் வாயை மூடிக்கொண்டேன். பிறகு ரானுயி வருகிற வரைக்கும் நீ பேசிக்கொண்டே வந்தாய். அத்தனை வருடம் பார்க்காததை ஒரே நாளில் பார்த்தவள் எப்படிப் பேசுவாள், அப்படி. இடது பக்கம் போகிற மாதிரித் தோளைக் காட்டி வலது பக்கம் போகிறாளாம். விழுந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறாளாம், எதிரணிக்காரியையும். “என்ர பிள்ளை என்ன வடிவா ஓடுது” என்று இரண்டு தடவை சொன்னாய். வீட்டு வாசலில் இறங்கும்போது, அவள் காதில் விழக்கூடாது என்று குரலை இறக்கிக்கொண்டாய்.

அவள் ஆஸ்திரேலியா போனாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ போன் செய்வாய். சாப்பிட்டியா, குளிரா, சரி என்று முடிந்துவிடும் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். அடுத்த சீசனில் நீ மேசைக்குத் திரும்பி வந்தாய், பிறகு இருமல் வந்தது, பிறகு நுரையீரலில் இருப்பது என்ன என்று தெரிந்தது. அனிட்டா வேலையை விட்டு வந்து உன்னைப் பார்த்துக்கொண்டாள். குறை சொல்ல முடியாது. குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், மருந்து நேரம் தவறவில்லை. அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வரும்போதெல்லாம் ஒரு நம்பிக்கையோடு வருவேன், இன்றைக்காவது சொல்லியிருப்பாய் என்று. உன் கண்ணைப் பார்த்தாலே இல்லை என்று தெரிந்துவிடும். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வரும். படுத்திருப்பவளிடம் எப்படிக் காட்டுவது? போர்வையை இழுத்துச் சரி செய்துவிட்டு வருவேன்.

நீ போனபோது தேவாலயத்தில் அனிட்டா ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினாள். அம்மா நேர்மையானவள் என்றாள். எல்லோரும் தலையசைத்தார்கள். ஒரு அம்மாவைப் பற்றிப் பிள்ளை சொல்ல எவ்வளவோ இருக்க, அவள் கையில் அது ஒன்றுதான் இருந்தது. எனக்கு அன்று உன் சாவைவிட அதுதான் வலித்தது. இதை இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன்.

அவள் திரும்பிப் போகவில்லை. ஆக்லாந்து அணியில் மறுபடியும் சேர்ந்தாள், இந்த வருடம் கேப்டன். இன்று இறுதிப் போட்டி. அதே மண்டபம். ஆட்டத்தில் தகராறு ஒன்றுமில்லை, இரண்டாவது குவார்ட்டரிலேயே நம் பெண்கள் விலகிப் போய்விட்டார்கள். உன் மகள்தான் ஓட்டினாள். ஆமா, சாம்பியன்கள். ஆக்லாந்து. கோப்பையைத் தூக்கினார்கள், காகிதத் துண்டுகள் பறந்தன, ஏணி போட்டு, ஜெயித்த அணியின் வழக்கப்படி கூடையின் வலையை ஆளுக்கொரு கண்ணியாக வெட்டினார்கள். நான் வழக்கம் போல வயரைச் சுருட்டினேன்.

அப்போது அனிட்டா மேசைக்கு வந்தாள். கழுத்தில் பதக்கம், முகமெல்லாம் வியர்வை. ஆன்ட்டி, ஒன்று கேட்க வேண்டும் என்றாள். ஆங்கிலம்தான். காலையில் பயிற்சிக்கு முன்னால், அன்றைக்கு நீ எழுந்து கத்திய இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாளாம். உன் நினைவாக ஒரு நிமிடம் இருக்கலாம் என்று போயிருக்கிறாள். இந்த வருடமும் கேமரா மேடையை அங்கேதான் கட்டியிருந்தார்கள்.

“அங்கேயிருந்து அந்த ரிங் தெரியவில்லை ஆன்ட்டி. அப்படியானால் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?”

நீ என் கையைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. ஆனால் நீ மறைக்கச் சொன்னது கள்ள முகத்தைத்தான். அதை மறைக்கப் போய் நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்ததும் சேர்ந்து மறைந்துவிட்டதே, அதற்கு நீ என்னிடம் வாக்கு வாங்கவில்லை. இவள் தானாகவே பாதி வழி வந்து நிற்கிறாள். இவளை அப்படியே நிறுத்திவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

“உன் மூஞ்சியைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டா” என்றேன். தமிழில்தான் சொன்னேன். “ரிங்கைப் பாக்கல. அன்னிக்கு முழுசும் உன்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தா.”

முதலில் அவளுக்கு வெட்கம் வந்தது, நீ பயந்தது போலவே. முகம் சிவந்தது. பட்டது என்று எனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. உங்க அம்மாவுக்கும் தெரியும், அதனால்தான் எழுந்தாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சீனி, கன்னம், செமிக்காது என்றது, காரில் நீ பேசிக்கொண்டே வந்தது, தோளைக் காட்டி மறுபக்கம் போவது. ‘என்ர பிள்ளை என்ன வடிவா ஓடுது’ என்பதை உன் குரலில் சொல்லிப் பார்த்தேன், கோயம்புத்தூர் வாயில் அது கோணலாகத்தான் வந்தது. அவள் அந்த வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, சாம்பியன் அணியின் கேப்டன் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். உனக்காக அவள் அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. நான் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நானும் அழுதேன், கறுப்புச் சட்டையோடு.

வாக்கை மீறிவிட்டேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. அந்தக் கார்ப் பயணத்துக்குப் பிறகு, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு கணமாவது கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து, ஓடுகிற பெண்களின் முகங்களைப் பார்க்கிறேன். யாரோ பெற்ற பிள்ளைகள், வடிவாகத்தான் ஓடுகிறார்கள். இன்று நடுவர் என்னைக் கவனித்துவிட்டு, கடிகாரத்தைப் பார் என்று சைகை செய்தார். சரி என்று தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அனிட்டாவைப் பார்த்தேன்.